திருப்பூரில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: நெகட்டிவ் பாடத்துக்கு முழு மார்க், புத்தகத்துக்கு முட்டை

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் நெகட்டிவ் வாக்கியங்களை ஒழுங்காகப் பேச வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் தேவை என்றால் இந்த வகுப்புக்குத் தாராளமாகப் பணம் கட்டலாம். மற்றதற்கு யோசித்துக் கட்டுங்கள். சென்டரின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் அவர்கள் விற்கிற புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகவே எழுதப்போகிறேன், அதனால் அங்கே பாடம் எடுக்கும் மேடத்துக்கு எந்தத் தொந்தரவும் வரக்கூடாது. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரம், கீழே செல்போன் கடை, மேலே இரண்டு அறை. இந்த அடையாளத்துக்கு ஊரில் பத்து சென்டராவது பொருந்தும்.

மூன்று மாத கோர்ஸ், சாயங்காலம் ஏழு மணிக்கு. கட்டணம் ஐந்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு தவணையாகக் கட்டலாம். என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போல எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள்: மெர்ச்சன்டைசிங், சாம்பிளிங், டாக்குமென்டேஷன். மீதிப் பேர் இன்ஜினியரிங் முடித்து இன்டர்வியூவுக்கு அலைகிற பிள்ளைகள், அப்புறம் பையனின் ஸ்கூல் மீட்டிங்கில் டீச்சரிடம் ஆங்கிலத்தில் பேசியே ஆக வேண்டும் என்று வந்த ஒரு அக்கா. அந்த அக்காதான் கடைசியில் எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பேசினார்.

ஏன் நெகட்டிவ் பாடத்தை மட்டும் பிரித்து எழுதுகிறேன் என்றால், ஆர்டர் கொடுக்கிற பையர்களோடு (துணி வாங்குகிற கம்பெனிக்காரர்களோடு) பேசிச் சமாளிக்கிற மெர்ச்சன்டைசர் வேலையில் பாதி நேரம் "இல்லை" சொல்வதுதான் பிழைப்பு. துணி இன்னும் வரவில்லை, ஷேட் மேட்ச் ஆகவில்லை, லேப் டிப் (சாயம் போட்டுக் காட்டுகிற மாதிரித் துணி) அப்ரூவல் கிடைக்கவில்லை, அந்தத் தேதிக்கு ஷிப்மென்ட் போகாது, இந்த விலைக்குக் கட்டுப்படி ஆகாது. மெயில் என்றால் சமாளித்துவிடலாம், பழைய மெயிலை எடுத்துத் தேதியை மாற்றினால் போதும். பையர் ஆபீசிலிருந்து போன் வந்தால்தான் வாய் ஒட்டிக்கொள்கிறது. "ஆமாம்" என்பதை யார் வேண்டுமானாலும் ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம், "இல்லை" சொல்லும்போதுதான் நம் இங்கிலீஷின் குட்டு உடைகிறது.

சரி, வகுப்பு. நெகட்டிவ் பாடம் தொடங்கிய அன்று மேடம் டோன்ட், டஸன்ட் என்று எதையும் எழுதவில்லை. போர்டில் தமிழில் "வரவில்லை" என்று எழுதிவிட்டு, இதை ஆங்கிலத்தில் சொல்லுங்க என்றார். "நாட் கமிங்" என்றது ஒரு குரல், "டிடன்ட் கம்" என்றது இன்னொன்று, "ஹாஸ் நாட் கம்" என்றார் டாக்குமென்டேஷன் ஆள். எல்லாமே சரி என்றார் மேடம். நேற்று வரவில்லை என்றால் டிடன்ட் கம். இன்னும் வரவில்லை என்றால் ஹாஸன்ட் கம் யெட். நாளைக்குக் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்றால் ஐ ஆம் நாட் கமிங். தமிழில் "வரவில்லை" என்ற வடிவத்துக்குள் காலமும் இல்லை, ஆளும் இல்லை. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் அதே வரவில்லைதான். காலத்தை நாம் "நேற்று", "இன்னும்" போன்ற பக்கத்துச் சொல்லிலிருந்தோ பேச்சின் போக்கிலிருந்தோ எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலம் அதை விடாது, இல்லை என்று சொல்வதற்கு முன்னாலேயே எப்போது, யார் என்று கணக்குக் கேட்கும். நாம் தடுமாறுவது நாட் எங்கே போடுவது என்பதில் இல்லை, அதற்கு முன்னால் எந்தக் காலம் என்று முடிவு செய்வதில்தான். இப்படி ஒருவர் சொல்லித்தந்து நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்ததோடு சரி.

அடுத்தது மாட்டேன். இதில்தான் ஊரே விழுகிறது. "நான் காபி குடிக்க மாட்டேன்" என்பதை நாம் அப்படியே "ஐ வோன்ட் டிரிங்க் காபி" என்கிறோம். ஆனால் நாம் சொல்ல வருவது பழக்கம்: காபி குடிக்கிற ஆள் இல்லை நான். ஆங்கிலத்தில் அதற்கு ஐ டோன்ட் டிரிங்க் காபி. வோன்ட் போட்டால், நீ என்ன வற்புறுத்தினாலும் குடிக்கப்போவதில்லை என்று முறைப்பாகப் போய் விழுகிறது. இதையே கம்பெனிக் கணக்கில் மேடம் மாற்றிக் கேட்டார்: "நாங்க சண்டே வேலை செய்ய மாட்டோம்" என்பதை பையரிடம் எப்படிச் சொல்வீர்கள்? வி வோன்ட் வொர்க் ஆன் சண்டேஸ் என்றால் ஏதோ போராட்ட அறிவிப்பு மாதிரி இருக்கும், வி டோன்ட் வொர்க் ஆன் சண்டேஸ் என்றால் அது எங்கள் வழக்கம், அவ்வளவுதான். மாட்டேன் என்று தமிழில் வாயில் வந்தால் ஒரு நொடி நிறுத்தி, இது பழக்கமா பிடிவாதமா என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். பழக்கம் என்றால் டோன்ட். பிடிவாதமோ எதிர்காலமோ என்றால் வோன்ட்.

வோன்ட் என்றதும் இன்னொன்று. தமிழில் எழுதும்போது வோன்ட், வான்ட் இரண்டும் தெளிவாக வேறு வேறாகத் தெரிகிறது, ஆனால் நம் வாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறது. "வி வோன்ட் சேஞ்ச் தி கலர்" என்று இவர் சொல்ல, "வி வான்ட் சேஞ்ச்" என்று எதிர்முனையில் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், டையிங்குக்குப் போன துணியின் கதி அதில் இருக்கிறது. அதே மாதிரி கேன், கான்ட். அமெரிக்கக்காரர்கள் கான்ட் என்பதைக் கேன்ட் என்பார்கள், கடைசி ட்-டைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். அவர்கள் பேச்சில் இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்றால் ட்-டைத் தேடாதீர்கள், அழுத்தத்தைக் கவனியுங்கள்: முடியும் என்னும்போது அந்தச் சொல் "கன்" என்று லேசாக ஓடிவிடும், முடியாது என்னும்போது அழுத்தி வரும். நாம் பேசும்போது வம்பே வேண்டாம், போனில் கேனாட், வில் நாட் என்று முழுசாகவே சொல்லிவிடுங்கள் என்பது அவருடைய அறிவுரை. சுருக்கிப் பேசினால்தான் ஃப்ளூயன்சி என்று சொல்லிக்கொடுக்கிற இடங்களுக்கு நடுவே இது ரொம்ப நடைமுறையான பேச்சு.

டூ, டஸ், டிட் விஷயத்தை எப்படி எடுத்தார் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். "ஐ ஆம் நாட் நோ", "ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்ட்" என்று நிறையப் பேர் சொல்கிறோம். காரணம் மேடம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்: நமக்கு சின்ன வயதில் ஐ ஆம் என்றால் நான் என்று மனதில் பதிந்துவிட்டது, ஆம் என்பது தனி வினைச்சொல் என்பதே உறைக்கவில்லை. ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், அப்புறம் கேன், வில், ஷுட், மஸ்ட் வகையறா, அப்புறம் டென்ஸுக்காக வருகிற ஹேவ், ஹாஸ், ஹேட், இவையெல்லாம் தாங்களே நாட்டைத் தாங்கும். மற்ற எந்த வினைச்சொல்லும் தாங்காது. கோ நாட், ஈட் நாட் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது, டூவைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். டூ வந்ததும் காலத்தையும் ஆளையும் அதுவே வாங்கிக்கொள்ளும், அதனால் டிடன்ட்டுக்குப் பிறகு வென்ட் வராது, கோதான். டஸன்ட்டுக்குப் பிறகு கோஸ் வராது, கோதான்.

இதற்கு அவர் வைத்த பயிற்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் போட வேண்டும், இன்றைக்கு நான் என்னென்ன செய்யவில்லை என்று. செய்ததைச் சொல்லக் கூடாது. ஐ டிடன்ட் ஈட் பிரேக்ஃபாஸ்ட், ஐ டிடன்ட் கால் மை மதர், மை பாஸ் டிடன்ட் ஷவுட் டுடே. முதலில் எல்லாரும் சிரித்தோம், ஆனால் செய்யாத காரியத்துக்கா பஞ்சம், அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. கேட்கக் கேட்க டிடன்ட் வென்ட் என்பது காதுக்கே உறுத்த ஆரம்பித்துவிட்டது. விதியைச் சொல்லித் திருத்தியிருந்தால் இது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

நடுவில் ஒருநாள் இன்ஜினியரிங் பையன் ஒருவன் கேட்டான், இந்த டூ எதுக்குங்க மேடம், ஐ நோ நாட் என்றால் புரியாதா என்று. அதற்கு அவர் ஒரு கதையே சொன்னார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஆங்கிலேயர்களும் ஐ நோ நாட் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கும் முன்னால், பழைய ஆங்கிலத்தில், வினைக்கு முன்னால் நெ என்று ஒரு சின்னச் சொல். அது பலவீனமாகப் போகப்போக, முட்டுக்கொடுக்கப் பின்னால் நாட் வந்து சேர்ந்தது, கொஞ்ச காலம் முன்னும் பின்னும் இரண்டும் இருந்தன. பிறகு நெ உதிர்ந்து நாட் மட்டும் நின்றது, அதற்குப் பிறகுதான் டூ நுழைந்தது. 18ஆம் நூற்றாண்டு வாக்கில் டூ இல்லாத நெகட்டிவ் பழைய பாணியாகிவிட்டது. இந்த மாதிரி மறுப்புச் சொல் தேய்வதும் புதிது வந்து ஒட்டுவதும் பல மொழிகளில் சுற்றிச் சுற்றி நடக்கிறது என்று டென்மார்க் அறிஞர் ஒட்டோ யெஸ்பர்சன் 1917இல் எழுதினாராம். பையனுக்குப் பதில் கிடைத்ததா தெரியாது. எனக்குப் பிடித்திருந்தது. வில் நாட் ஏன் வில்லன்ட் ஆகாமல் வோன்ட் ஆனது என்பதற்கும் இப்படித்தான் ஒரு பழைய காரணம் உண்டு, ஒரு காலத்தில் வில் என்பதற்கு வோல் என்றும் ஒரு வடிவம் இருந்ததாம்.

இரட்டை நெகட்டிவும் அன்றைக்கே வந்தது. "ஐ டோன்ட் நோ நத்திங்" என்று இங்கிலீஷ் பாட்டிலும் படத்திலும் வருகிறதே, தப்புதானே என்று கேட்டோம். இன்றைய ஸ்டாண்டர்ட் ஆங்கிலத்தில் வேண்டாம், இன்டர்வியூவிலும் மெயிலிலும் சொல்லாதீர்கள் என்றார். ஆனால் 14ஆம் நூற்றாண்டுக் கவி சாசரே ஒரே வாக்கியத்தில் அடுக்கடுக்காக நெகட்டிவ் போட்டிருக்கிறார் என்றும், இரண்டு நெகட்டிவ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாசிட்டிவ் ஆகிவிடும் என்ற கணக்குப் பேச்சு 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லோத் போன்ற இலக்கணக்காரர்கள் காலத்தில்தான் சட்டம் மாதிரி ஆனது என்றும் சொன்னார். நமக்கு இதில் வருகிற கோளாறு வேறு. "யாரும் வரவில்லை" என்பதை "எனிபடி டிடன்ட் கம்" என்போம், ஏனென்றால் தமிழில் யாரும் முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எனிபடி நாட்டுக்குப் பின்னால்தான் வர வேண்டும், முன்னால் வந்தால் நோபடி ஆகிவிட வேண்டும்: நோபடி கேம். ஐ டிடன்ட் சீ எனிபடி என்றால் சரி.

இப்போது எனக்கு மிகவும் உபயோகமான பகுதி. பையர் போனில் கேட்கிறார்: ஹேவன்ட் யூ சென்ட் தி சாம்பிள்ஸ்? நாம் அனுப்பவில்லை. தமிழில் "அனுப்பலையா?" என்றால் "ஆமாங்க, அனுப்பலை" என்போம், கேட்டவர் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எஸ் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், அந்தப் பக்கத்தில் அனுப்பிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். கூரியர் டிராக்கிங் நம்பர் கேட்டு அடுத்த மெயில் வரும்போதுதான் உங்களுக்கு விளங்கும். ஆங்கிலத்தில் எஸ், நோ இரண்டும் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடந்த காரியத்தைத்தான் பார்க்கின்றன. அனுப்பியிருந்தால் எஸ், வி ஹேவ். அனுப்பவில்லை என்றால் நோ, வி ஹேவன்ட். கேள்வி நெகட்டிவாக வந்தாலும் பாசிட்டிவாக வந்தாலும் பதில் மாறாது. ஒற்றைச் சொல்லோடு ஒருபோதும் நிறுத்தாதீர்கள், பின்னால் இரண்டு வார்த்தை சேர்த்தே சொல்லுங்கள் என்று மேடம் மண்டையில் அடிக்காத குறையாகச் சொல்லித்தந்தார். இதற்காக ஜோடி ஜோடியாக உட்கார வைத்து ஒரு வகுப்பு முழுக்க நெகட்டிவ் கேள்வியாகவே கேட்க வைத்தார். அந்தக் கட்டணத்தில் பாதி எனக்கு அந்த ஒரு வகுப்பிலேயே கழிந்துவிட்டது.

இதோடு ஒட்டினது டூ யூ மைண்ட். டூ யூ மைண்ட் வெயிட்டிங் என்றால் காத்திருப்பதில் ஆட்சேபம் உண்டா என்று பொருள், அதனால் நோ என்றால்தான் சம்மதம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் போனில் வாய் எஸ் என்றுதான் போகிறது.

டேக் கேள்விகளை வேகமாக ஓட்டிவிட்டார், அது ஒரு குறை. நாம் எதற்கெடுத்தாலும் கடைசியில் "இஸன்ட் இட்" போடுகிறோம், தமிழின் "இல்லையா", "இல்லீங்களா" போல. யூ சென்ட் தி மெயில், டிடன்ட் யூ என்று வர வேண்டும், ஷி இஸ் ஆன் லீவ், இஸன்ட் ஷி என்று வர வேண்டும். இதை ஒரு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார், பயிற்சி போதவில்லை. ஐ ஆம் என்பதற்கு ஆரன்ட் ஐ என்று வருவது மட்டும் ஏன் என்று ஒருவர் கேட்டார், ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஆமன்ட் என்றே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்க ஆரன்ட்டே சொல்லுங்க என்று நகர்ந்துவிட்டார்.

வேண்டாம், கூடாது பற்றி எடுத்தது அருமை. "நீங்க வர வேண்டாம்" என்று தமிழில் சொன்னால் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம், வராதே என்றும் ஆகும், வரத் தேவையில்லை என்றும் ஆகும். குரலை வைத்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு தனித்தனிக் கதவுகள். மஸ்ட் என்றால் கட்டாயம், ஆனால் மஸ்ட் நாட் என்றால் கட்டாயமில்லை என்று ஆகாது, கூடாது என்று ஆகிவிடும். கட்டாயமில்லை என்பதற்கு டோன்ட் ஹேவ் டு, இல்லையென்றால் நீட் நாட். இன்ஸ்பெக்ஷனுக்கு வரப்போகிற பையர் தரப்பு க்யூசிக்கு (தரம் பார்க்கிற ஆளுக்கு), இந்த வாரம் நீங்கள் வரத் தேவையில்லை என்று எழுத நினைத்து "யூ மஸ்ட் நாட் கம் திஸ் வீக்" என்று எழுதினால், உள்ளே என்னத்தையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அந்த ஆள் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவார். மேடம் இதைச் சொன்னபோது சாம்பிளிங்கில் இருந்து வந்தவர்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், எங்கேயோ நடந்திருக்கிறது என்று தோன்றியது.

எல்லாரும், எல்லாம் வருகிற நெகட்டிவ் வாக்கியங்களும் அப்படித்தான். "எல்லா பீஸும் பாஸ் ஆகவில்லை" என்பதை "ஆல் தி பீசஸ் டிட் நாட் பாஸ்" என்று எழுதினால் சில பீஸ் தேறவில்லை என்றும் படிக்கலாம், ஒன்றுகூடத் தேறவில்லை என்றும் படிக்கலாம். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தக் குழப்பம் ஆகாது. சிலது தேறவில்லை என்றால் நாட் ஆல் தி பீசஸ் பாஸ்ட், ஒன்றும் தேறவில்லை என்றால் நன் ஆஃப் தி பீசஸ் பாஸ்ட். இதே ரகத்தில் பிகாஸ் ஆஃப் ஒரு பொறி. "வி டிட் நாட் டிலே தி ஷிப்மென்ட் பிகாஸ் ஆஃப் தி ஸ்ட்ரைக்" என்றால் ஸ்ட்ரைக்கால் தாமதம் செய்யவில்லை, வேறு காரணம் என்றா, இல்லை ஸ்ட்ரைக் நடந்ததால்தான் தாமதிக்காமல் முன்கூட்டி அனுப்பிவிட்டோம் என்றா? தமிழில் "தாமதத்துக்குக் காரணம் ஸ்ட்ரைக் அல்ல" என்று அல்ல போட்டால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் நாட் ஒன்றே எல்லா வேலையும் பார்க்கிறது, அதனால் வாக்கியத்தை உடைத்து இரண்டாக எழுதுங்கள் என்றார். நான் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன், மெயில் நீளமானாலும் பரவாயில்லை.

மரியாதையாக மறுப்பதைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. நம் பக்கத்தில் "முடியாது" என்பதை யாரும் மொட்டையாகச் சொல்வதில்லை, "முடியாதுங்க", "இல்லீங்க", அதையும் தாண்டி "பார்க்கலாங்க" என்று சொன்னாலே எதிராளிக்குப் புரிந்துவிடும். அந்த ஒரு "ங்க" எவ்வளவு கோபத்தையும் தணித்துவிடும். ஆங்கில வினைச்சொல்லில் அதை ஒட்ட வைக்க இடமே இல்லை. அதனால்தான் நாம் "வி கேனாட் டூ" என்று எழுதினால் நமக்குச் சாதாரணமாகவும் படிப்பவருக்கு முகத்தில் அடித்த மாதிரியும் இருக்கிறது. அந்த "ங்க"வின் வேலையை ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முன்பக்கம் செய்ய வேண்டும்: ஐ ஆம் அஃப்ரெய்ட் வி கான்ட், அன்ஃபார்ச்சுனேட்லி வி ஆர் அனேபிள் டு. அதோடு ஐ டோன்ட் திங்க். "ஐ திங்க் வி கான்ட் மீட் தி டேட்" என்பதைவிட "ஐ டோன்ட் திங்க் வி கேன் மீட் தி டேட்" என்பதுதான் அவர்கள் காதுக்கு இயல்பு. இது நமக்குக் கஷ்டமே இல்லை, "முடியும்னு தோணலைங்க" என்று நாமும் அதே மாதிரிதான் சொல்கிறோம். ஹோப் மட்டும் விதிவிலக்கு, ஐ டோன்ட் ஹோப் என்று வராது, ஐ ஹோப் நாட். ஆனால் பார்க்கலாங்க என்பதை "வி வில் ஸீ" என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அவர்கள் நிஜமாகவே பார்ப்போம் என்று நினைத்து அடுத்த நாளே ஃபாலோ அப் மெயில் போடுவார்கள்.

இவ்வளவு நல்லது சொன்னேன் இல்லையா, இனி மற்றது.

புத்தகம். ஸ்பைரல் பைண்டிங், தனியாகக் காசு, கோர்ஸில் சேரும்போதே கட்டாயமாக வாங்க வைக்கிறார்கள். மேடம் எழுதியது இல்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நெகட்டிவ் வாக்கியம் என்றால் "வினைச்சொல்லுடன் நாட் சேர்க்கவும்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே பக்கம் பக்கமாக அட்டவணை. மேயன்ட், ஷான்ட் என்று இந்தியாவில் நான் ஒருவர் வாயிலும் கேட்காத வடிவங்களுக்கு முழுப் பக்கம். டிடன்ட் வென்ட் என்றே ஒரு இடத்தில் அச்சாகியிருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டினால் அடுத்த பிரிண்டில் மாற்றுகிறோம் என்கிறார்கள். உதாரணங்கள் எல்லாம் ராமன் ராவணனைக் கொன்றான் வகை, அதையே நெகட்டிவாக மாற்றச் சொல்லி ராமாயணத்தையே கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். மஸ்ட் நாட்டுக்கும் நீட் நாட்டுக்கும் நடுவே வித்தியாசம் என்று ஒரு வார்த்தை கிடையாது. எஸ், நோ பதில்கள் பற்றி ஒன்றுமே இல்லை. வகுப்பில் நடப்பதற்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமே இல்லாததால் மேடமும் அதைத் திறப்பதில்லை. நான் போர்டில் இருந்ததை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், அதுதான் இப்போது என் புத்தகம்.

நேரம் அடுத்த குறை. ஏழு மணி என்பது ஆபீஸ்காரர்களுக்கு ஒத்துவரும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் எட்டரைக்குத்தான் கம்பெனியை விட்டே வெளியே வருவார்கள், டெய்லர், செக்கிங் ஆட்கள் சேரவே முடியாது. அவர்களில் பலர் சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்று ஆங்கிலம் கற்கத் துடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேட்ச் ஒன்று வையுங்கள் என்று கேட்டோம், பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாமுக்கு அர்த்தம் மேலே எழுதியிருக்கிறேன்.

அறை சின்னது, ஃபேன் சத்தத்தில் பின் பெஞ்சுக்குக் குரல் கேட்பதில்லை. கேன், கான்ட் மாதிரி ஒலி வித்தியாசம் சொல்லித்தரும் வகுப்பில் இது நிஜமாகவே பிரச்சினை, அதனால் சீக்கிரம் போய் முன்னால் இடம் பிடியுங்கள். கோர்ஸின் கடைசி மாதம் குரூப் டிஸ்கஷன் என்ற பேரில் வேறு ஒரு சார் வந்து எடுத்தார், அவர் முக்கால்வாசி நேரம் தன்னம்பிக்கைப் பேச்சு பேசினார், இலக்கணம் எதைக் கேட்டாலும் "பேசப் பேச வந்துரும்" என்பதுதான் பதில். அந்த மாதத்தில் நான் பாதி வகுப்புக்குப் போகவில்லை. கடைசியில் கொடுக்கிற சர்டிபிகேட்டுக்கும் தனிக் காசு கேட்டார்கள், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆன்லைனில் இலவசமாகவே எல்லாம் கிடைக்கும்போது இதற்கு ஏன் பணம் என்று கேட்பீர்கள். விதி கிடைக்கும், பயிற்சித் தாளும் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எந்த நாட்டுக்காரருக்கும் பொதுவாக எழுதப்பட்டவை. வரவில்லை, மாட்டேன், வேண்டாம் என்று நம் வாயிலிருந்து புறப்பட்டு அங்கே போய்ச் சேர்கிற வழியில் எங்கே சறுக்கும் என்று அவற்றுக்குத் தெரியாது. இந்த மேடத்துக்குத் தெரிகிறது.

சேர நினைக்கிறவர்களுக்கு: இந்த சென்டரோ வேறு சென்டரோ, முதல் தவணை கட்டும் முன் டெமோ வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "நான் காபி குடிக்க மாட்டேன்" என்பதற்கு ஆங்கிலம் என்ன? வோன்ட் என்று பதில் வந்தால் படியிறங்கிவிடுங்கள். டோன்ட் என்று வந்தால் யார் எந்த மாதம் எடுக்கிறார்கள் என்று கேட்டு, நெகட்டிவும் கேள்விகளும் வருகிற மாதம் அந்த மேடமே எடுக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு கட்டுங்கள். புத்தகம் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கொஞ்சம் முறைப்பார்கள், ஆனால் எங்கள் பேட்சில் பிடிவாதமாக நின்ற ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.